மதிலைக் கட்டியது சந்தை, காத்தது நடை

இங்கிலாந்தின் யார்க் நகரில் இடைக்கால மதில்மேல் நடப்பவர்கள் வழியில் இறங்கி டீ குடிக்கிறார்கள், கேக் சாப்பிடுகிறார்கள், ஒரு கிளாஸ் ஏல் பீர் அருந்துகிறார்கள். வரலாற்றுச் சின்னத்தைத் தின்பண்டத்தோடு கலப்பது முறையா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மதிலின் கல்லையும் கணக்கையும் படித்தால், முறைதான் என்ற விடை கிடைக்கிறது.

இங்கிலாந்தின் வடபகுதியில், ஊஸ், ஃபாஸ் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது யார்க். ஊரைச் சுற்றி ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளத்துக்கு இடைக்கால மதில் இன்னும் நிற்கிறது. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் நகர மதில்களில் இதுவே நீளமானது. காலை 8 மணிக்குப் படிக்கட்டுக் கதவுகளைத் திறக்கிறார்கள், இருட்டும் நேரத்தில் பூட்டுகிறார்கள். கட்டணம் கிடையாது. விடாமல் நடந்தால் இரண்டு மணி நேரத்தில் சுற்றி முடிக்கலாம். ஆனால் மதில் நடுநடுவே அறுபட்டுக் கிடக்கிறது. இறங்கி, தெருவில் நடந்து, மறுபடியும் ஏற வேண்டும். இறங்கும் இடங்களில் காபிக் கடையோ, பேக்கரியோ, பழைய பப்போ இருக்கிறது. அதனால் இரண்டு மணி நேர நடை அரை நாள் உலாவாக நீள்கிறது. மதில் நடையையும் சாப்பாட்டையும் சேர்த்தே திட்டமிடுவது பயணிகளிடம் வழக்கமாகிவிட்டது. இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களின் வாதம் எளிதில் புரியக்கூடியது. போருக்காகக் கட்டியது, முற்றுகையைத் தாங்கியது, வெட்டிய தலைகளைத் தாங்கியது. அங்கே போய்க் கேக் தின்பதா? இந்தக் கேள்வியை மதிக்க வேண்டும். ஆனால் அதன் அடியில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மதில் என்பது போர்வீரர்களின் சொத்து, உணவும் வணிகமும் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டவை என்ற எண்ணம் அது. யார்க்கின் வரலாறு இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. மதிலைக் கட்டக் காசு கொடுத்தது சந்தை. இடிபடாமல் காத்தது உலாவ விரும்பியவர்களின் பிடிவாதம். இன்றும் அதை ஊரின் அன்றாடத்தோடு பிணைத்திருப்பது அடிவாரத்து அடுப்புகள்தான்.

சுங்கத்தில் எழுந்த கல்

யார்க்கின் முதல் அரணை கி.பி. 71இல் ரோமானியரின் ஒன்பதாம் லீஜியன் படை அமைத்தது. அருங்காட்சியகத் தோட்டத்தில் நிற்கும் பல்கோணக் கோபுரத்தில் அந்தக் காலத்தை இன்றும் கையால் தொடலாம். அதன் கீழ்ப்பகுதியில் அளவாக வெட்டிய சிறு கற்கள், நடுவே சிவப்புச் செங்கல் பட்டை: அது ரோமானியர் வேலை. மேலே கற்கள் பெரிதாகின்றன, அம்பு எய்யும் துளைகள் தோன்றுகின்றன: அது இடைக்காலக் கொத்தர்களின் வேலை. 866இல் வைக்கிங்குகள் ஊரைப் பிடித்தார்கள். ரோமானியச் சுவரின்மேல் மண்மேடு உயர்ந்தது. அந்த மேட்டின்மேல்தான் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இன்று நாம் காணும் கல்மதில் எழுந்தது. டாட்காஸ்டர் பக்கத்திலிருந்து வந்த வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்தான் முக்கியப் பொருள். வெயில் படும்போது மதில் பாலாடை நிறத்தில் மின்னுவதற்கு அந்தக் கல்லே காரணம்.

இத்தனை கல்லுக்கும் கூலிக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மதில் வரியிலிருந்து. இடைக்கால இங்கிலாந்தில் ஒரு நகரம் மதில் கட்ட வேண்டுமானால், விற்பனைக்கு ஊருக்குள் வரும் சரக்குகளின்மேல் குறிப்பிட்ட காலத்துக்குச் சுங்கம் வாங்கிக்கொள்ள அரசர் அனுமதி தருவார். தானியம், மீன், உப்பு, தோல், கம்பளி, வைன் என ஒவ்வொன்றுக்கும் வண்டிக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று விகிதம் உண்டு. வாசலில் நின்று வாங்கிய அந்தச் சில்லறைக் காசுகள் சேர்ந்துதான் யார்க்கின் மதில் எழுந்தது. கிராமத்திலிருந்து மூட்டையோடு வந்த உழவரும், கூடையோடு வந்த மீன்காரரும், பீப்பாயோடு வந்த வைன் வணிகரும் அதன் கொடையாளர்கள். அவர்களில் யாருக்கும் கல்வெட்டு இல்லை. ஆனால் கணக்கு அவர்கள் பக்கம்தான் இருக்கிறது.

மதில் எழுந்துகொண்டிருந்த காலத்தில்தான் யார்க் அடுப்பங்கரைச் சட்டங்களையும் இயற்றியது. ஸ்காட்லாந்தோடு போர் மூண்டபோது, முதலாம் எட்வர்ட் தன் அரசுக் கருவூலத்தை 1298இல் யார்க்குக்கு மாற்றினார். அதிகாரிகள், எழுத்தர்கள், குதிரைகள், பணியாட்கள் என ஊர் ஒரேயடியாக நிரம்பியது, விலைவாசி ஏறியது. 1301இல் நகர ஆணைகள் பிறந்தன. ரொட்டி சுடுபவர், ஏல் காய்ச்சுபவர், இறைச்சி வெட்டுபவர், சமைத்து விற்பவர், விடுதி நடத்துபவர் என ஒவ்வொருவருக்கும் விலையையும் தரத்தையும் அந்த ஆணைகள் வரையறுத்தன. தெருவில் திரியும் பன்றிகள்கூட அவற்றில் இடம்பெற்றன. பகைவனிடமிருந்து ஊரைக் காப்பதும், ஊருக்குள் இருப்பவருக்கு நியாயமான விலையில் ரொட்டி கிடைக்கச் செய்வதும் அந்த நகரத்துக்கு ஒரே பொறுப்பின் இரண்டு பக்கங்கள். மதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ரொட்டியை மறந்தது பின்னால் வந்த நாம்.

மீன்குளமே அரணாக நின்ற இடம்

இதற்குப் பெரிய சான்று மதில் இல்லாத இடத்தில் இருக்கிறது. ஊரின் கிழக்கே லேயர்தார்ப் கோபுரத்தோடு மதில் திடீரென முடிந்துபோகிறது. அங்கிருந்து செங்கோபுரம் வரை கல்லே கிடையாது. ஃபாஸ் ஆற்றோரமாகச் சாலையில்தான் நடக்க வேண்டும். இடிந்து போனதோ என்று புதிதாக வருபவர் நினைப்பார். அங்கே மதில் கட்டப்படவே இல்லை. வெற்றியாளர் வில்லியம் தன் கோட்டைக்கு அகழி நிரப்ப ஃபாஸ் ஆற்றைத் தடுத்தபோது பரந்த நீர்த்தேக்கமும் சதுப்பும் உருவாயின. அதற்கு ‘அரசரின் மீன்குளம்’ என்று பெயர். அதில் பிடித்த மீன் அரசருக்குச் சொந்தம். வேண்டியவர்களுக்கு அவர் பரிசாகவும் கொடுத்தார். படை கடக்க முடியாத அளவுக்கு அகலமும் சேறும் இருந்ததால் அந்தப் பக்கத்துக்கு மதில் தேவைப்படவில்லை. சமையலுக்கு மீன் தந்த குளம் காவல் வேலையையும் பார்த்தது. பின்னாளில் குளம் தூர்ந்து, நிலமாகி, இன்று அங்கே சாலையும் சூப்பர்மார்க்கெட்டுகளும் இருக்கின்றன. நடையின் அழகு குறைந்த பகுதி இதுதான். ஆனால் குளத்தின் கதை தெரிந்தவருக்கு, மொத்தச் சுற்றிலும் இதுவே அதிகம் சொல்லித் தரும் பகுதி.

குளம் முடிந்த கரையில் நிற்கும் செங்கோபுரம் 1490 வாக்கில் செங்கல்லால் கட்டப்பட்டது. மதில் முழுக்கக் கல்; இது மட்டும் செங்கல். கல்தச்சர்களுக்கு அது பொறுக்கவில்லை. செங்கல் வேலைக்காரர்களின் கருவிகளை உடைத்தார்கள், வேலையைத் தடுத்தார்கள் என்று புகார் எழுந்தது. 1491இல் செங்கல் வேலைக்காரர் ஒருவர் கொலையுண்டார். கல்தச்சர் இருவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. இந்த மூலையில் சிந்திய ரத்தத்துக்குக் காரணம் அயல்நாட்டுப் படை அல்ல, பிழைப்புப் போட்டி. உழைப்பவர்களின் அன்றாடக் கவலையே மதிலின் உள்கதை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். அண்மை ஆண்டுகளில் இந்தக் கோபுரத்தை அக்கம்பக்கத்தார் கூடும் இடமாக மாற்றியிருப்பது அந்த வகையில் மிகப் பொருத்தமான காரியம்.

ரொட்டிக்காரர் மகன் நடத்திய போராட்டம்

மதிலைக் கட்டியது சந்தை என்றால், காத்தது யார்? 1800ஆம் ஆண்டு வாக்கில் யார்க் மாநகராட்சி மதிலையும் வாசல்களையும் இடித்துத் தள்ள நாடாளுமன்றத்தில் சட்டம் கோர முடிவெடுத்தது. வாதங்கள் இன்றைக்கும் பழகியவைதான்: பராமரிக்கச் செலவு, போக்குவரத்துக்கு இடைஞ்சல், காற்றோட்டம் இல்லை, ஊர் வளர வேண்டும். எதிர்ப்பினால் மொத்தமாக இடிபடவில்லை. ஆனால் பகுதி பகுதியாக அழிவு நடந்தது. யார்க்கில் பெருவாசல்களைப் ‘பார்’ என்பார்கள். அந்த வாசல்களுக்கு முன்னே எதிரியைச் சிக்கவைக்க நீண்டு நின்ற முகப்பு அரண்கள் உண்டு. மிக்கில்கேட் பார், மங்க் பார், பூதம் பார் மூன்றின் முகப்பு அரண்களும் 1825க்கும் 1835க்கும் இடையே தகர்க்கப்பட்டன. வால்ம்கேட் பாரின் முகப்பு அரண் மட்டும் தப்பியது. இங்கிலாந்தின் நகர வாசல்களில் அது ஒன்றுக்குத்தான் இன்று முகப்பு அரண் இருக்கிறது.

அந்த அழிவை எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் ஓவியர் வில்லியம் எட்டி. 1787இல் யார்க்கில் பிறந்தவர்; மாவரைத்து ரொட்டி சுட்டு விற்ற குடும்பத்துப் பிள்ளை. லண்டனில் புகழ் பெற்ற பிறகும் சொந்த ஊர் மதிலுக்காகக் கடிதம் எழுதினார், உரையாற்றினார், பணம் திரட்டினார். மிக்கில்கேட் முகப்பு அரணைக் காப்பாற்ற முடியுமானால் எடின்பரோவிலிருந்து யார்க் வரை நடந்தே வருகிறேன் என்று நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. ஓவியம், இலக்கியம் என்ற பெரிய பெயர்களுக்குப் பின்னால் இன்னொரு படை இருந்தது: காலாற நடக்கப் பொதுவழி கேட்ட ஊர்மக்கள். நடைபாதைகளைக் காக்க அவர்கள் சங்கம் வைத்தார்கள், சந்தா திரட்டினார்கள். அந்தப் பணத்தில்தான் 1830களில் மதிலின் பகுதிகள் செப்பனிடப்பட்டு உலாவும் பாதையாயின. பூதம் பாருக்கும் மங்க் பாருக்கும் இடைப்பட்ட அழகிய பகுதி 1880களின் பிற்பகுதியில்தான் மக்கள் நடக்கத் தயாரானது. பூதம் பாருக்கு எதிரே எட்டிக்கு 1911இல் சிலை வைத்தார்கள். சிலையின் காலடியில் அவர் காக்கப் போராடிய வாசலின் சிறு உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. காவல் என்ற பயன் போன பிறகு மதிலுக்குப் புதுப் பயன் ஒன்று தேவைப்பட்டது. உலாவுதல் அந்தப் பயனைக் கொடுத்தது. மகிழ்ச்சிக்காக நடந்தவர்களை வரலாற்றின் விருந்தாளிகள் என்று ஒதுக்க முடியாது. அவர்கள் இல்லையென்றால் நடக்க மதிலே மிஞ்சியிருக்காது.

அதே காலத்தில் ஒரு வாசல் திறந்ததும் கவனிக்க வேண்டியது. 1489இல் மூண்ட ஒரு கலகத்துக்குப் பிறகு ஃபிஷர்கேட் பாரைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் அது மூடியே கிடந்தது. 1827இல் மீண்டும் திறந்தார்கள். காரணம், வாசலுக்கு வெளியே புதிதாக வந்த மாட்டுச் சந்தை. கிளர்ச்சிக்கு அஞ்சி மூடிய கதவு மாட்டு வியாபாரத்துக்காகத் திறந்தது. பக்கத்து ஜார்ஜ் தெருவில் இருக்கும் ஃபீனிக்ஸ் பப்பில் இன்று நடைப்பயணிகள் உட்காரும்போது, சந்தைக்கும் வாசலுக்கும் பழைய காலத்திலிருந்து இருந்த உறவு தொடர்கிறது என்றே கொள்ள வேண்டும்.

வாசல்களில் பிறந்த இனிப்பு

யார்க் என்றால் பிரிட்டனில் பலருக்கு மதிலைவிட முதலில் நினைவுக்கு வருவது சாக்லேட். அந்தச் சாக்லேட் தொழிலும் மதிலோரத்தில்தான் வேர்விட்டது. 1725இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டியூக் என்ற பெண் வால்ம்கேட்டில் மளிகைக் கடை திறந்தார். வணிகர் சங்கத்தின் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்ததற்காக அந்தச் சங்கத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி, கடைசியில் தன் உரிமையை நிலைநாட்டினார். அவர் குடும்பத்தின் கொக்கோ வியாபாரத்தைத்தான் 1862இல் ஹென்றி ஐசக் ரவுன்ட்ரீ வாங்கினார். இரண்டே ஆண்டுகளில் அந்தத் தொழில், மதில் ஊஸ் ஆற்றைத் தொடும் இடத்துக்கு அருகே டேனர்ஸ் மோட்டில் இருந்த பழைய வார்ப்பாலைக்கு மாறியது. உலகமெங்கும் விற்கும் கிட்கேட் 1935இல் பிறந்தது அதே நிறுவனத்தில்தான். இன்னொரு பெரும் பெயரான டெர்ரிஸ், 1767இல் பூதம் பாருக்கு அருகே இருமல் மிட்டாயும் பாகில் ஊறிய பழத்தோலும் விற்ற கடையிலிருந்து வளர்ந்தது. ஒன்று வால்ம்கேட், ஒன்று பூதம். ஆள் நடமாட்டம் வாசலில் குவியும், வாங்குபவர் அங்கே இருப்பார். கடை அங்கேதான் முளைக்கும். இன்று வாசலடியில் சாக்லேட் கேக் விற்கும் கடையை மதிலுக்கு அந்நியம் என்று சொல்ல இடமே இல்லை.

அந்த இனிப்புக்குள் கசப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வாதம் முழுமை பெறாது. ரவுன்ட்ரீ குடும்பத்துச் சீபோம் 1901இல் யார்க்கின் வறுமையைப் பற்றிய தன் ஆய்வு நூலை வெளியிட்டார். நகர மக்களில் ஏறத்தாழ 28 சதவீதம் பேர் வறுமையில் இருப்பதாக அவர் கண்டார். அவருடைய அளவுகோலின் அடிப்படை உணவு: உடல் இயங்கக் குறைந்தபட்சம் என்ன சாப்பிட வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்று கணக்கிட்டு, வாடகையும் துணியும் சேர்த்து வறுமைக்கோட்டை வரைந்தார். அயர்லாந்துப் பஞ்சத்தில் தப்பி வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வால்ம்கேட் அந்த ஆய்வின் இருண்ட பக்கங்களில் ஒன்று. மேலிருந்து மட்டும் நடந்து போகிறவருக்கு இந்த வரலாறு தெரியாது. வால்ம்கேட்டில் இறங்கி, அந்தத் தெருவில் நடந்து, அங்கே ஒரு வேளை சாப்பிடுகிறவருக்கே, மதிலுக்குள் பசி எப்படி வாழ்ந்தது என்று கேட்கத் தோன்றும்.

எங்கே ஏறுவது, எங்கே உண்பது

சுற்றுக்கு ஒரு நல்ல வரிசை இருக்கிறது. பூதம் பாரில் ஏறிக் கடிகார முள் போகும் திசையில் நடப்பது நல்லது. முதல் பகுதியிலேயே யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் பின்புறமும் மரங்கள் அடர்ந்த தோட்டங்களும் உள்பக்கம் விரிகின்றன. வாசல்களிலேயே உயரமான மங்க் பாரில் செங்குத்தான குறுகிய படிகளில் இறங்க வேண்டும். தொங்குகதவு இன்னும் அதில் இருக்கிறது. அதைத் தாண்டியதும் மதிலுக்கு வெளியே கீழே குனிந்து பார்த்தால் செங்கல் குவிமாடம் ஒன்று தெரியும். அது பனிக்கட்டி வீடு. குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியைக் கோடைக்காகச் சேமித்த இடம், குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முந்தைய சமையலறைத் தொழில்நுட்பம். முதல் டீக்கு மங்க் பார் பக்கம் ஏற்ற இடம். பிறகு மீன்குளச் சாலை, செங்கோபுரம், வால்ம்கேட் பார்.

வால்ம்கேட் பாரில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெளிப்புறம் முகப்பு அரணின் கல், 1644இல் உள்நாட்டுப் போரில் நடந்த முற்றுகையின் காயங்களோடு முரட்டுத்தனமாக நிற்கிறது. உள்ளே வந்து திரும்பிப் பார்த்தால் அதே வாசலின் முதுகில் மரச்சட்டமும் சாந்துமாக எலிசபெத் காலத்து வீடு ஒன்று கல்தூண்கள்மேல் உட்கார்ந்திருக்கிறது. அடியில் 15ஆம் நூற்றாண்டின் ஓக் கதவுகள், அவற்றில் ஆள் மட்டும் நுழையும் குட்டிக் கதவு. வெளியே போர், உள்ளே குடித்தனம். வாசலின் மேலறை அண்மைக்காலத்தில் காபிக் கடையாக இருந்திருக்கிறது என்பது அந்தக் குடித்தனத்தின் தொடர்ச்சி. பகல் சாப்பாட்டுக்கு இங்கிருந்து வால்ம்கேட் வழியாக ஃபாஸ்கேட் வரை போய்வரலாம். சிறு உணவகங்கள் வரிசையாக இருக்கும் தெரு அது. அங்கேயே 1357இல் தொடங்கிய வணிகர் சங்க மண்டபமும் இருக்கிறது. மேரி டியூக் மல்லுக்கட்டிய அதே சங்கத்தின் மண்டபம். மறுபடியும் மதிலேறி ஃபிஷர்கேட், கிளிஃபர்ட் கோபுரம், ஆற்றுப் பாலம், பெய்ல் ஹில் மேடு, மிக்கில்கேட் பார் என்று போனால் ரயில் நிலையத்தின் எதிரே மதில் வளைகிறது. 1830களின் இறுதியில் ரயிலை ஊருக்குள் விட மதிலையே குடைந்து வளைவு அமைத்தார்கள். கடைசியாகப் பார்க்கர் கோபுரம். அங்கிருந்து எதிர்க்கரைக் கோபுரத்துக்கு ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டிப் படகுகளை மறித்தார்கள். ஏல் அருந்த நினைப்பவருக்கு இந்தக் கடைசி இறக்கத்துக்குப் பிறகுதான் நேரம். ஏனென்றால் மதிலின் உட்புறத்தில் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது.

மறுப்புகளும் பதில்களும்

முதல் மறுப்பு மிகக் கனமானது. மிக்கில்கேட் பாரில் 1460இல் யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையைக் காகிதக் கிரீடம் சூட்டி நட்டுவைத்தார்கள். ஜேக்கபைட் கிளர்ச்சியாளர்களின் தலைகள் 1754 வரை அங்கே இருந்தன. கிளிஃபர்ட் கோபுரம் நிற்கும் மேட்டில் 1190 மார்ச்சில், வெறிக் கும்பலுக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த ஏறத்தாழ 150 யூதர்கள் மாண்டார்கள். பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். இத்தகைய இடங்களில் உல்லாசம் கூடாது என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை முழுச் சுற்றையும் துக்கவீடாக்கச் சொல்லவில்லை. இடத்துக்கு ஏற்ற நடத்தையைக் கேட்கிறது. யார்க் மக்கள் இதை அறிந்தவர்கள். கிளிஃபர்ட் கோபுர மேட்டின் அடியைக் குடைந்து பார்வையாளர் மையம் கட்டத் திட்டம் வந்தபோது எதிர்த்தார்கள்; 2018இல் அது கைவிடப்பட்டது. அதே ஊரில் டீக்கடையே நினைவிடமாகவும் ஆகியிருக்கிறது. 1930களில் திறந்த பெட்டிஸ் தேநீரகத்தில், இரண்டாம் உலகப் போரின்போது சுற்றுவட்டார விமானத் தளங்களிலிருந்து வந்த இளம் வீரர்கள் நூற்றுக்கணக்கில் தங்கள் பெயர்களைக் கண்ணாடி ஒன்றில் வைரமுனைப் பேனாவால் கீறினார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. கண்ணாடி இன்னும் அங்கே இருக்கிறது. உண்ணும் இடத்தில் நினைவு தங்காது என்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு குடியைப் பற்றியது. மிக்கில்கேட் தெருவில் வார இறுதிகளில் பப் பப்பாக ஏறி இறங்கும் கூட்டங்கள் யார்க்கில் பேர்போனவை. ஊரில் குடியிருப்பவர்களுக்கு அது தொல்லைதான், மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கூட்டம் மதிலுக்காக வருவதில்லை. மதில் நடையைத் தடுத்தால் அது குறையப்போவதும் இல்லை. மாறாக, ஒரே தெருவில் குவியும் செலவை நடை ஊர் முழுக்கப் பரப்புகிறது. மின்ஸ்டரைச் சுற்றி மட்டும் மொய்க்கும் பயணிகளை வால்ம்கேட், பிஷப்ஹில் போன்ற பகுதிகளுக்குக் கொண்டுபோவது மதில்தான். டெர்ரிஸ் தொழிற்சாலை 2005இல் யார்க்கில் மூடியது. ஆலைகள் போகப் போக, பயணிகளின் பணம் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பது ஊரின் வாழ்வுப் பிரச்சினையாகிறது. கூட்டம் வருவதா வேண்டாமா என்பதைவிட, வந்த கூட்டம் எங்கே உட்கார்கிறது, யாரிடம் வாங்குகிறது என்பதே இங்கு கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது மறுப்பு பராமரிப்பாளர்களுடையது: தேய்மானத்துக்குப் பணம் வேண்டும், கட்டணம் வாங்கினால் என்ன? குரோஷியாவின் டுப்ரோவ்னிக் அதைத்தான் செய்கிறது. 1,940 மீட்டர் நீள மதில், கணிசமான கட்டணம், மேலேயே குளிர்பானக் கடைகள். மதில் கம்பீரமாக இருக்கிறது, பணமும் சேர்கிறது. ஆனால் சீட்டு வாங்கியவர் போட்ட காசுக்கு ஒரே மூச்சில் சுற்றி முடிக்கப் பார்ப்பார். நடுவில் இறங்கித் தெருவில் கலக்க அவருக்கு மனம் வராது. ஊர்க்காரர் தினமும் அந்த வழியே வேலைக்குப் போக மாட்டார். யார்க்கில் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் பயணிகளோடு அதே கல்லில் நடக்கிறார்கள். அந்தக் கலப்பை இழந்தால் மதில் அருங்காட்சியகப் பொருளாகிவிடும். பராமரிப்புக்கான பணத்தை மாநகராட்சி வேறு வழிகளில் தேட வேண்டும். சந்தைச் சுங்கத்தால் எழுந்த மதிலுக்குச் சந்தையே பங்களிப்பதில் தவறில்லை. நான்காவது மறுப்புக்கு மட்டும் முழுப் பதில் இல்லை. படி ஏற முடியாதவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் மதிலின் பெரும்பகுதி எட்டாக்கனி. ஆனால் வாசல்களும் மண்மேடுகளும் தரையிலிருந்து பார்க்கக் கிடைக்கின்றன. அடிவாரக் கடைகள் இருப்பதால் ஏறியவரும் ஏறாதவரும் ஒவ்வொரு வாசலிலும் ஒரே மேசையில் சந்திக்க முடிகிறது. மேலே மட்டும் எல்லாம் இருந்தால் அதுவும் இல்லை.

இங்கே இடிந்தவை

யார்க்கில் மதிலுக்காகப் போராட்டம் நடந்த அதே காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட மதுரையில் நேரெதிரான வேலை நடந்தது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். வெளி வீதிகள் அந்தத் தடத்தில்தான் ஓடுகின்றன. சென்னையில் கறுப்பர் நகர மதிலுக்காக வரி போட நினைத்த கிழக்கிந்தியக் கம்பெனியின் திட்டத்தை வால்டாக்ஸ் சாலை பெயரில் மட்டும் சுமக்கிறது. அந்த மதிலின் எஞ்சிய துண்டின்மேல் மாடிப் பூங்கா இருக்கிறது. மதில் வரி என்ற ஏற்பாடு இங்கும் எட்டிப் பார்த்தது. மதில்மேல் உலாவும் இடமும் ஒன்று அமைந்தது. ஆனால் அந்தப் பூங்காவை ஊரின் அன்றாட நடையோடும் அடிவாரத்துச் சாப்பாட்டுக் கடைகளோடும் இணைக்கும் எண்ணம் இன்னும் வலுப்பெறவில்லை.

யார்க் கற்றுத் தரும் பாடத்தை நான்கு நிபந்தனைகளாகச் சுருக்கலாம். மேலே நடைவழி இலவசமாக, எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அடுப்பும் மேசையும் மதிலின்மேல் ஏறாமல் அடிவாரத்தில் இருக்க வேண்டும். அந்தக் கடைகள் கூடியவரை அந்தத் தெருக்காரர்களின் கையில் இருக்க வேண்டும். துயரம் நடந்த இடங்களில் வியாபாரம் தானாக ஒதுங்கி நிற்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால் மதில் நடையில் உணவு வரலாற்றை மலினப்படுத்தாது, அதைத் திறந்து காட்டும். பழைய கோட்டைகளைக் காக்க விரும்பும் எந்த ஊரும் முதலில் வேலி போடுவதைப் பற்றி யோசிக்கிறது. படிக்கட்டைச் சரிசெய்வதும், படியடியில் நல்ல டீ கிடைக்கச் செய்வதும் வேலியைவிட நீடித்த காவல். மக்கள் தினமும் புழங்கும் மதிலை இடிக்க எந்த மாநகராட்சிக்கும் துணிவு வராது. 1800இல் யார்க் மாநகராட்சி இடிக்க நினைத்தபோது மதில் பலருக்குத் தேவையற்றதாக இருந்தது. இன்று அப்படி ஒரு தீர்மானத்தை எவரும் வாய்திறந்து முன்மொழிய முடியாது. இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் நடந்தவர்களும், அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்களும்தான்.